வியாழக்கிழமைப் பொடி

ஐம்பத்திரண்டாவது விநாடியில் பொடி அணைந்துவிட்டது. இருட்டறை என்று நாங்கள் பெருமையாகச் சொல்வது உண்மையில் ஒரு காலத்தில் துடைப்பமும் வாளியும் வைத்திருந்த குட்டி அறை. கதவிடுக்கில் கறுப்புத் துணி ஒட்டி, உள்ளே ஒரு முக்காலி போட்டிருக்கிறோம். அந்த முக்காலியில் நான், மடியில் நிறுத்துக் கடிகாரம், எதிரே சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி வெள்ளைப் பொடி. ஒரு நிமிடம் விளக்கைக் காட்டிவிட்டு அணைத்தால் பொடி தானாகப் பச்சையாய் ஒளிர வேண்டும். இருபது நிமிடம் ஒளிரும் என்று நான் எழுதியிருந்தேன். எழுதியதோடு நிற்காமல், உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று இணையத்திலும் போட்டிருந்தேன். இப்போது அது ஒரு நிமிடம்கூட முழுதாகத் தாங்கவில்லை. எழுந்து விளக்கைப் போட மனமில்லாமல் இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நேற்றும் இப்படித்தான் ஆனது.

என் மூன்று வருட ஆராய்ச்சி அந்தத் தேக்கரண்டிக்குள்தான் இருந்தது. இப்படி ஒளிரும் பொடிகள் புதிதல்ல. ஆனால் அவற்றில் எல்லாம் வாயில் நுழையாத பெயர் கொண்ட ஏதாவது ஓர் அபூர்வ உலோகத்தைக் கலப்பார்கள். அந்த உலோகம் கலக்காமலேயே என் பொடி இருபது நிமிடம் ஒளிர்ந்தது. அதுதான் என் பெருமை, என் கட்டுரை, இன்னும் நான்கு வாரத்தில் வரப்போகும் வாய்மொழித் தேர்வில் நான் சொல்ல வேண்டிய ஒரே விஷயம். கட்டுரை வெளியான இரண்டாம் மாதத்தில் எங்கோ தூரதேசத்து ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து, நீங்கள் சொன்னபடியே செய்தோம், ஒளிரவில்லை என்று கடிதம் வந்தது. அவர்களுக்குக் கைப்பக்குவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் இன்னொரு இடத்திலிருந்து அதே கடிதம். நானே மறுபடி செய்து பார்த்துவிடலாம் என்று வெள்ளியும் சனியும் அடுத்தடுத்துச் செய்து, திங்களும் செவ்வாயும் இருட்டறையில் வைத்துப் பார்த்ததில்தான் இந்த லட்சணம்.

எங்கள் கூடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது. பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் ஆய்வுக்கூடம் என்று பலகை தொங்கினாலும் அதைப் பொதுக்கூடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏழு ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் சேர்த்து இரண்டு உலை, ஓர் எக்ஸ்ரே கருவி, மூன்று தராசு, எட்டுக் கல்வங்கள். கல்வம் என்பது பொடியை அரைக்கிற கல். உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து, கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். கூடவே கட்டைவிரல் தடிமனில் ஒரு குழவி. எதைத் தொட வேண்டுமானாலும் முன்பதிவுத் தாளில் குழுவின் பெயரும் நேரமும் எழுத வேண்டும். ஒரு குழு அரைத்த கல்வத்தை அடுத்த குழு தொடுவதற்கு முன் ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவியதற்குச் சுவரில் தொங்கும் அட்டவணையில் டிக் போட வேண்டும்.

இத்தனையும் வாரக் கடைசியில் கூடத்தின் இணையப் பக்கத்துக்குப் போய்விடும். யார் எந்த உலையை எப்போது ஏற்றினார், சூடு எப்படி ஏறி இறங்கியது, எந்தச் சோதனை சொதப்பியது, எந்தக் கல்வம் எப்போது கழுவப்பட்டது என்று ஒன்று பாக்கியில்லாமல். கூடத்தின் பொறுப்பாளர் செய்த ஏற்பாடு அது. நல்ல முடிவை மட்டும் பொறுக்கிப் போடலாமா என்று யாராவது தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்றால், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "முழுசாப் போடுங்க" என்பார். அதனால் அவருக்கு முழுசு சார் என்றே பெயர். அவருக்கும் அது தெரியும், ஒருமுறை கையெழுத்துக்குப் பதில் அப்படியே எழுதிவிட்டு அடித்தார் என்று ஒரு வதந்தி உண்டு. அவர் புண்ணியத்தில் என்னுடைய பத்தொன்பது தயாரிப்புகளும் ஊருக்கே தெரிகிற மாதிரி அங்கே கிடந்தன. பதினொன்று நன்றாக ஒளிர்ந்தவை, எட்டு உருப்படாதவை. அந்த எட்டுக்கும் காரணம் உலையின் சூடு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சூட்டின் வரிசையில் அடுக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது, கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால்.

என் வழிகாட்டி மேடம் நல்லவர், ஆனால் ஓய்வு பெற ஒரு வருடமே இருந்தது. தேர்வு முடிகிற வரைக்கும் அந்தக் கடிதங்களுக்குப் பதில் போட வேண்டாம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் பத்து மாதப் பெண்ணைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கூடத்தில் ஒரு குழவி, வீட்டில் ஒரு குழவி, இரண்டுமே உன்னைத் தூங்கவிடாது என்றார். தமிழ் வாத்தியாரைக் கட்டினால் சோதனையான நேரத்திலும் சிலேடை கேட்டே ஆக வேண்டும். நான் சிரிக்கவில்லை என்றதும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பதில் எழுதிவிடு, எழுதாமல் இருந்தால் நீ சாப்பிடமாட்டாய் என்று மட்டும் சொன்னார்.

நான் எழுதுவதற்குள் எனக்கு ஒன்று வந்தது. கூடத்தின் இணையப் பக்கத்தில் கேள்வி கேட்பதற்கென்று ஓர் இடம் உண்டு. செவ்வாய் சாயங்காலம் அங்கே ஒரு புதிய கேள்வி. முதல் கடிதம் எழுதிய அதே தூரதேசத்துக் கூடம்தான், ஆனால் இது அங்கே உலையைப் பார்த்துக்கொள்கிற ஆள் எழுதியது. பெயர் போடவில்லை, படத்துக்குப் பதிலாக ஓர் உலையின் வாய் திறந்திருந்தது. உலைக்காரர் என்றே வைத்துக்கொண்டேன். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது, இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். அவர் என் பத்தொன்பது தயாரிப்புகளையும், முன்பதிவுத் தாளையும், கழுவும் அட்டவணையையும் வரி வரியாகப் படித்திருக்கிறார். நன்றாக ஒளிர்ந்த பதினொன்றும் வியாழக்கிழமை செய்தவை, இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். ஒரே ஒரு வியாழக்கிழமை மட்டும் தோற்றிருக்கிறது. அதற்கு முதல் நாள், வியாழக்கிழமைகளில் நீங்கள் எடுக்கும் அதே மூன்றாம் எண் கல்வத்துக்கு வழக்கமாகப் பதிவு செய்யும் கண்ணாடிக் குழு அந்தப் பதிவை ரத்து செய்திருக்கிறது. புதன்கிழமைகளில் அந்தக் கல்வத்தில் அவர்கள் என்ன அரைக்கிறார்கள்?

என் ஆராய்ச்சியை நானே இவ்வளவு பொறுமையாகப் படித்ததில்லை. சூட்டை வைத்து அடுக்கினேன், நேரத்தை வைத்து அடுக்கினேன், கிழமையை வைத்து அடுக்கத் தோன்றவில்லை. முகம் தெரியாத ஒருவர், தன்னுடைய வேலையை விட்டுவிட்டு, என் வியாழக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பொய் சொல்கிறாய் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

புதன்கிழமை காலையில் முதல் வேலையாகக் கண்ணாடிக் குழுவிடம் போய்க் கேட்டேன். அவர்கள் அரைப்பது அதே வாயில் நுழையாத உலோகத்தின் தூளைத்தான். எது கலக்காமல் என் பொடி ஒளிர்கிறது என்று நான் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேனோ, அதே தூள். கல்வத்தின் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் அது ஒட்டியிருந்து என் பொடிக்குள் வந்திருக்கிறது என்றால் எல்லாம் சரியாகப் பொருந்தியது, ஒன்றைத் தவிர. ஆசிட் பட்டால் அந்தத் தூள் மிச்சமில்லாமல் கரைந்துவிடும். அட்டவணையிலோ ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்றாம் எண்ணுக்கு நேரே டிக் இருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை.

டிக் போடுவது கழுவுகிற அக்கா. அவரைக் கூடத்தில் எல்லோரும் அக்கா என்பார்கள், மேடம்கூட. ஐம்பது வயதிருக்கும். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்து ஒன்பது வருடமாக இருக்கிறார். எந்தக் குடுவை எந்தக் குழுவுடையது என்று அதன் அடியிலிருக்கும் கறையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் கழுவியதில் குறை கண்டுபிடித்தவர்கள் இதுவரை யாரும் கிடையாது. மற்ற நாள்களில் நான் கல்வத்தைத் தொடுவது யாராவது நேரத்தை விட்டுக்கொடுத்தால்தான், அதுவும் மத்தியானத்தில், அக்கா காலையிலேயே கழுவிக் கவிழ்த்து வைத்த பிறகு. வியாழக்கிழமை மட்டும் காலை ஒன்பது மணி என்னுடைய நேரம். நான் உள்ளே நுழையும்போது ஈரம் காயாமல் மூன்றாம் எண் கல்வம் என் மேசையில் தயாராக இருக்கும். அந்த வியாழக்கிழமை நான் எட்டரைக்கே போய்க் கழுவுமிடத்தின் வாசலில் நின்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. புதன்கிழமை அழுக்கான கல்வங்கள் வரிசையாகத் தொட்டி ஓரத்தில் இருந்தன. அவற்றிலிருந்து மூன்றாம் எண்ணை மட்டும் தனியாக எடுத்தார். ஆசிட் பாட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. குழாயைத் திறந்து ஒரு தண்ணீர், பிறகு இன்னொரு தண்ணீர். மூன்றாவதாக, பக்கத்தில் வைத்திருந்த பாத்திரத்திலிருந்து கொஞ்சம் வெந்நீர் கலந்து ஊற்றி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக் கவிழ்த்தார். துடைத்தார். கையை உதறிவிட்டுச் சுவர்ப் பக்கம் போய், ஆசிட் என்று எழுதிய கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டார்.

"ஆசிட் ஊத்தலையாக்கா?" என்றேன்.

திரும்பினார். மாட்டிக்கொண்ட முகம் இல்லை அது. சீக்கிரம் வந்துவிட்டாளே என்கிற முகம்தான்.

"நீ வர்ற நேரத்துல ஊத்துறதில்லம்மா. மத்ததை எல்லாம் நீ உலை ரூமுக்குப் போனதும் ஊத்திக் கழுவிடுவேன். உன் கல்லு உடனே வேணுமே, அதான் தண்ணியில."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அன்னிக்கு இதே தொட்டியில நீ வாந்தி எடுத்தியே, அன்னிலேருந்து. மாசமா இருக்கிறவ மூக்குல அந்த நெடி ஏறக் கூடாதுன்னு தோணுச்சு. அப்புறம் புள்ள பொறந்து வந்தே. பால் குடுக்குறவளாச்சேன்னு அப்படியே விட்டுட்டேன்."

எனக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. நெடி இழுக்கும் பெட்டியின் விசிறி அந்த வருடம் முழுக்கப் பாதி நாள் சுற்றாது. உள்ளே வந்ததும் ஆசிட் நெடி மூக்கில் ஏறியது, தொட்டிக்கு ஓடினேன். அக்கா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது, எனக்கே முந்தின நாள்தான் தெரியும். அடுத்த வியாழக்கிழமை நெடி இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. விசிறியைச் சரி செய்துவிட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்பதே இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஒருத்தர் நமக்காக ஒரு காரியத்தைச் செய்கிறார், நாமோ அதை விசிறியின் கணக்கில் எழுதிவிட்டு அரைக்க உட்கார்ந்துவிடுகிறோம்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அக்கா கல்வத்தை என் கையில் கொடுத்தார்.

"சொன்னா நீ வேணாம்பே."

அன்று அரைத்ததை உலையில் வைத்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் இருட்டறைக்குள் எடுத்துப்போனேன். இருபத்தோரு நிமிடம் பத்து விநாடி. அந்தப் பச்சை வெளிச்சத்தில் என் கைரேகைகூடத் தெரிந்தது. நான் அழுதேன். ஆராய்ச்சி பிழைத்ததற்காக என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன், ஆனால் அதற்காக இல்லை. பதினொரு வியாழக்கிழமைகள் ஒருத்தர் என் மூக்கைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டது கிண்ணத்துக்குள் எரிந்துகொண்டிருந்தது. நான் அதற்கு என்னென்னவோ பெரிய பெரிய பெயர்கள் வைத்து நாற்பது பக்கம் எழுதியிருந்தேன்.

பிறகு பதில் எழுத உட்கார்ந்தேன், அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. என் பழைய கூற்று போய்விட்டது, சரி. ஆனால் அதைவிடச் சுவையான ஒன்று கையில் இருந்தது. மூன்று தண்ணீரில் கழுவிய பிறகும் கல்லில் ஒட்டியிருக்கிற அந்தத் துளி போதும் என்றால், இவ்வளவு காலமாக எல்லோரும் அந்த உலோகத்தை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது வீண். இதை வேறு யாராவது செய்து பார்த்து ஆமாம் என்றால் என் தேர்வு பிழைக்கும். செய்து பார்க்க வேண்டுமென்றால் கல்வம் எப்படிக் கழுவப்பட்டது என்று எழுதியாக வேண்டும். எழுதினால் அட்டவணையிலுள்ள டிக் எல்லாம் பொய் என்று ஆகும். அக்காவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கலாமா என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் முழுசு சார். அவர் கூடத்தில் தவறு செய்தவர்கள் உண்டு, பொய்யாகப் பதிந்தவர் ஒரே ஒருவர், அவர் இப்போது இங்கே இல்லை.

'கல்வம் சரியாகக் கழுவப்படாததால்' என்று தொடங்கினேன். தமிழில் யோசித்துத்தான் ஆங்கிலத்தில் எழுதுவேன். கழுவப்படாததால் என்கிற சொல்லுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை, அதுதான் அதன் சௌகரியம். ஆனால் எங்கள் கூடத்தில் கழுவுவது ஒரே ஆள்தான், அது உலகத்துக்கே தெரிகிற அட்டவணையில் இருக்கிறது. அழித்தேன். 'எதிர்பாராத காரணங்களால்' என்று எழுதினேன், அதையும் அழித்தேன். திங்கட்கிழமை காலைவரை இப்படிப் பூசி மெழுகிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் அக்காவிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி, உலோகம், கடிதங்கள், உலைக்காரர், எல்லாம். குடுவைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார். எழுதாமல் விட்டால் என்னவாகும் என்றார். பொடி பொய்யாகிவிடும், நானும்தான் என்றேன். எழுதினால் என்று கேட்டார். உங்கள் பெயர் வராத மாதிரி ஏதாவது வழி பார்க்கிறேன் என்று இழுத்தேன்.

அக்கா துணியை உதறி மடித்து வைத்தார். "டிக் போட்டது என் கை. அதை நீ எழுதி சாருக்குத் தெரிய வேணாம். நானே சொல்லிடுறேன்" என்று புறப்பட்டுவிட்டார். பின்னாலேயே ஓடினேன்.

முழுசு சார் முதலில் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாதியில் எடுத்தார். எழுந்து போய்ப் பழைய அட்டவணைகள் இருந்த கோப்பைக் கொண்டுவந்து, வியாழக்கிழமைகளாகப் பார்த்துப் புரட்டினார். நான் குறுக்கே பேசப் போனபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆசிட் ஊத்தலைன்னா கட்டத்தைக் காலியா விட்டிருக்கலாமே."

"காலியா விட்டா ஏன் காலின்னு கேப்பீங்க சார். கேட்டா இந்தப் பொண்ணு விஷயம் வெளிய வரும். அது வீட்டுலயே அப்போ சொல்லல."

சார் என்னைப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்தார். ஒன்பது வருடமாக இந்தப் பெண்மணி போட்ட டிக்குகளை நம்பி எத்தனையோ கட்டுரைகள் வெளியாகியிருக்கின்றன, அவற்றில் எது எது ஆடும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. வேறு எந்தக் கல்லிலாவது, வேறு எந்த நாளாவது இப்படி நடந்ததா என்று கேட்டார். இல்லை, இந்த ஒரு கல், இந்தப் பொண்ணு வர்ற நாள் மட்டும் என்றார் அக்கா. சார் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். எச்சரிக்கைக் கடிதம் என்றுதான் நினைத்தேன்.

"தண்ணியில எத்தனை தடவை கழுவினீங்க?"

"மூணு சார்."

"எப்பவும் மூணா?"

"எப்பவும் மூணுதான். மூணாவது வெதுவெதுன்னு."

எழுதிக்கொண்டார். எத்தனை குவளை, எவ்வளவு சூடு, கையால் தேய்ப்பது எந்தப் பக்கமாக, எத்தனை சுற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனார். அக்கா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார், போகப் போக அவரே சாரைத் திருத்தினார். தேய்ப்பது விரலால் இல்லை, உள்ளங்கையால் என்றார். சார் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். எனக்கு அவர் மேல் இருந்த பயம் அந்த ஒரு அடித்தலில் போய்விட்டது.

எச்சரிக்கைக் கடிதமும் வந்தது, அதே நாள் சாயங்காலம். பொய்யாகப் பதிந்தது தவறு என்று நேராக எழுதியிருந்தது, அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாத ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்குத்தான் வந்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சாரிடம் போய் மன்றாடினேன். அவரோ, டிக் விஷயத்தை மறைத்து ஒரு வருடம் வாங்கித்தர என்னால் முடியாது, சொல்லிவிட்டு ஆறு மாதம் வாங்கித்தரத்தான் என்னால் முடிந்தது, அதற்கே மேலே இருப்பவர்களிடம் இவர் இல்லாமல் இந்தச் சோதனையை மறுபடி செய்ய ஆளில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றார். அது உண்மையும்கூட. மேடம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேர்வை மூன்று மாதம் தள்ளிவைக்கும் விண்ணப்பத்தை அவரே நிரப்பி, கையெழுத்து மட்டும் போடு என்று நீட்டினார்.

உலைக்காரருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். வாந்தியிலிருந்து ஆரம்பித்து. ஆராய்ச்சிக் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் ஒரே ஒரு வரி அனுப்பினார்: எழுதினால் போதாது, கை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும், படம் எடுத்து அனுப்ப முடியுமா?

படம் எடுத்தது முழுசு சார், தன்னுடைய கைபேசியில். அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முகம் தெரியாது, கை மட்டும்தான் என்று சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மூன்றாம் எண் கல்வத்தை வைத்து, வழக்கம்போல முதல் தண்ணீர் ஊற்றினார். சார் மூச்சுக்கூட விடாமல் கைபேசியைப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாவது தண்ணீர் ஊற்றும்போது, தான் படம் பிடிக்கப்படுவதை அக்கா மறந்துவிட்டார். தலையைத் திருப்பாமலே, "சாப்டியாம்மா? புள்ளைக்குக் குடுத்துட்டு வந்தியா?" என்றார். நானும் மறந்துபோய், "ஆச்சுக்கா" என்றேன். மூன்றாவது தண்ணீர், உள்ளங்கை, ஒன்பது சுற்று, கவிழ்த்துத் துடைப்பது, எல்லாம் முடிந்தது. அந்தப் பேச்சை மட்டும் வெட்டிவிடலாமா சார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே வாயை மூடிக்கொண்டேன். நான்கு நிமிடப் படம் முழுதாக இணையப் பக்கத்துக்குப் போனது.

ஒரு வாரம் கழித்து உலைக்காரரிடமிருந்து கேள்வி வந்தது. தண்ணீரின் அளவு புரிந்தது, சுற்றும் புரிந்தது. இரண்டாவது தண்ணீரின்போது அவர் நிறுத்தி ஏதோ சொல்கிறாரே, பக்கத்தில் ஒருவர் பதில் சொல்கிறாரே, அதுவும் செய்முறையில் சேர்த்தியா?

விளையாட்டாகக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. அக்காவிடம் படித்துக் காட்டினேன். வெட்கப்பட்டுக்கொண்டு, ஐயோ, அதெல்லாம் இல்லைன்னு எழுதிடும்மா என்றார். நான் உட்கார்ந்து யோசித்தேன். பத்தொன்பது தயாரிப்புகளையும் கிழமை வாரியாகப் படித்த ஆளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது. அக்கா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினேன். இப்படி விசாரிக்கிற ஆள் கழுவாமல் எங்கள் பொடி இதுவரை ஒருமுறைகூட ஒளிர்ந்ததில்லை, அதனால் சேர்த்தி இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்று அடியில் சேர்த்தேன். முழுசு சார் அதைப் படித்துவிட்டு அனுமதித்தார்.

நேற்று உலைக்காரரிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. அவர்கள் அரைத்தது உலைக்குள் போய்விட்டது, வெளியே வர இன்னும் ஒரு நாள் இருக்கிறது, ஒளிருமா ஒளிராதா என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் கழுவியதைப் பாருங்கள், சரியா என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அக்கா, சார், மேடம், நான், நால்வரும் ஒரே திரையை எட்டிப் பார்த்தோம். எங்கள் தொட்டியைப் போலவே நெளிந்த ஒரு தகரத் தொட்டி, ஒரு சின்னக் கல்வம், நீலக் கையுறை போட்ட இரண்டு தடித்த கைகள். முதல் தண்ணீர். சாய்த்துக் கொட்டினார்கள். இரண்டாவது தண்ணீர் ஊற்றியதும் அந்தக் கைகள் நின்றன. கொஞ்சம் கரகரத்த ஒரு பெண்குரல், படத்துக்கு வெளியே இருந்த யாரையோ பார்த்து, எங்களுக்குத் தெரியாத மொழியில் எதையோ கேட்டது. வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்த ஒரு ஆள் பதில் சொன்னார். கேட்டவர் லேசாகச் சிரித்தார், கைகள் மறுபடி அசைந்தன. மூன்றாவது தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது, உள்ளங்கை கல்லுக்குள் இறங்கி மெல்ல வட்டமிட ஆரம்பித்தது. அக்கா திரைக்கு இன்னும் கிட்டப் போய்ச் சுற்றுகளை எண்ணத் தொடங்கினார்.